வாழ்வே துக்கம் என்ற போதனை, நாள்தோறும் வலியோடு இருப்பவருக்கு எவ்வாறு உதவும்?

கார்த்திகைப்பூ:

அனைவருக்கும் வணக்கம். பௌத்த நூல்களைக் கற்றவர்களும் தியானப் பயிற்சியில் நெடுங்காலம் இருப்பவர்களும் இங்கே இருப்பதால், சில வாரங்களாக என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

என் அம்மாவுக்கு 71 வயது. 14 ஆண்டுகளாக முடக்குவாதம். விடியற்காலையில் எழும்போது கைவிரல்கள் மடங்கிய நிலையிலேயே விறைத்திருக்கும். அகன்ற பாத்திரத்தில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, இரு கைகளையும் அரைமணி நேரம் அதில் வைத்திருந்த பிறகுதான் காப்பி டம்ளரைத் தூக்க முடியும், அதுவும் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் அணைத்தபடி. மருத்துவம் முறையாக நடக்கிறது. அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

அம்மாவுக்கு ஏதேனும் ஆறுதல் கிடைக்குமா என்று புத்தரின் முதற்பேருரையைத் தமிழில் படித்துக் காட்டினேன். "பிறப்பு துக்கம், மூப்பு துக்கம், நோய் துக்கம், சாவு துக்கம்" என்ற இடம் வந்ததும், "இது எனக்குத் தெரியாதா? இதைச் சொல்வதற்கு ஒரு ஞானி வர வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. துன்பத்தில் இருப்பவரிடம் துன்பம் இருக்கிறது என்று சொல்வதில் என்ன பயன்? மனத்தைப் பழக்குதல் என்பது, கடைசியில், பொறுத்துக்கொள் என்று நயமாகச் சொல்வதுதானா? எனக்காகவும் கேட்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. பள்ளி வேலையையும் அம்மாவையும் ஒருசேரப் பார்த்துக்கொள்வதில் நான் மிகவும் சோர்ந்திருக்கிறேன்.

போதிநிழல்:

வணக்கம், அம்மா. தங்கள் தாயார் கேட்ட கேள்வி முற்றிலும் நியாயமானது. அந்தப் பேருரையின் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளும் எவருக்கும் அந்தக் கேள்விதான் எழும்.

முதலில் இரண்டு சொற்களைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழில் இன்று துக்கம் என்றால் இழவு வீடுதான் நினைவுக்கு வருகிறது. "துக்கம் விசாரிக்கப் போனேன்" என்கிறோம். அதனால் "வாழ்வே துக்கம்" என்ற தொடர், வாழ்க்கை முழுவதையும் ஒரு சாவு வீடாக்கிவிடுவதைப்போல் நம் காதில் விழுகிறது. புத்தரின் உரைகள் பதிவான பாலி மொழியில் அந்தச் சொல்லின் பரப்பு பெரிது. உடல்வலி அதில் ஒரு வகை. இன்பமாக இருந்த ஒன்று மாறிப்போகும்போது எழும் துன்பம் இன்னொரு வகை. காரணங்களால் கூட்டப்பட்ட எதுவும் நிலையாகச் சாய்ந்துகொள்ளத் தக்கதாக இல்லை என்ற குறைபாடு மூன்றாம் வகை. விருந்து நாளின் மாலையில் காரணமே தெரியாமல் வரும் வெறுமையும் துக்கம்தான். அங்கே யாரும் அழுவதில்லை.

வேதனை என்ற சொல் இதைவிடச் சிக்கலானது. நமக்கு வேதனை என்றால் வலி. பாலியில் அது, ஐம்பொறிகளாலோ மனத்தாலோ ஒன்றைத் தொட்ட கணத்தில் எழும் அனுபவச் சுவை. இன்பம், துன்பம், இரண்டுமற்றது என அது மூவகைப்படும். மொழிபெயர்ப்புகளில் "வேதனையைக் கவனி" என்று வரும் இடங்களை எல்லாம் "வலியைக் கவனி" என்று வாசித்துவிட்டு, பௌத்தம் வலியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும் சமயம் என்ற முடிவுக்கு வந்த பலரைப் பார்த்திருக்கிறேன். மணிமேகலை இதற்கு நுகர்வு என்ற அழகான சொல்லைத் தருகிறது. ஒன்றைச் சார்ந்து ஒன்றாகத் துன்பம் எழும் பன்னிரு சார்புகளை அது வரிசைப்படுத்தும்போது ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று அடுத்தடுத்து வரும். தொடுதல் நிகழ்கிறது, அதிலிருந்து நுகர்வு, நுகர்விலிருந்து வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ எழும் தாகம், அதிலிருந்து இறுகப் பிடித்தல். இந்த நான்கு சொற்களையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மனப்பயிற்சி முழுவதும் நுகர்வுக்கும் வேட்கைக்கும் இடையிலுள்ள அந்தச் சிறு இடைவெளியில்தான் நடக்கிறது.

இனி, தாயாரின் கேள்விக்கு வருகிறேன். சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்கு நிகழ்த்திய அந்தப் பேருரையில் நான்கு வாய்மைகளைச் சொன்னதோடு புத்தர் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வாய்மையையும் ஒட்டி நாம் செய்ய வேண்டிய செயல் ஒன்றையும் குறிப்பிட்டார். துக்கம் முழுமையாக அறியப்பட வேண்டியது. அதன் தோற்றுவாயான வேட்கை கைவிடப்பட வேண்டியது. அதன் முடிவு நேரில் காணப்பட வேண்டியது. அதற்கான வழி வளர்க்கப்பட வேண்டியது. நாம் இந்த வரிசையைக் குழப்பிக்கொள்கிறோம். துக்கத்தைக் கைவிடப் பார்க்கிறோம். அது கைக்கு அகப்படுவதில்லை. கைவிடக்கூடிய வேட்கையையோ ஆராய்ந்துகொண்டும் நியாயப்படுத்திக்கொண்டும் இருக்கிறோம். துக்கம் இருக்கிறது என்பது உங்கள் தாயாருக்குத் தெரியும். அதை முழுமையாக அறிதல் என்பது அதற்கு மேற்பட்ட ஒரு வேலை.

கார்த்திகைப்பூ:

மிக்க நன்றி, ஐயா. வேதனை என்ற சொல்லை நானும் வலி என்றே படித்து வந்திருக்கிறேன். ஆனால் 14 ஆண்டுகள் ஒரு வலியோடு இருந்தவருக்கு அதில் அறிவதற்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கும் என்பது எனக்குப் புரியவில்லை.

வைகறை:

இந்த இடத்தில் என் அனுபவத்தைச் சொல்ல அனுமதியுங்கள். தியான ஆசிரியர் கோயங்கா அவர்களின் மரபில், உள்ளதை உள்ளபடி கவனிக்கும் விபசனா தியானத்துக்கான பத்து நாள் முகாம்களில் சில முறை இருந்திருக்கிறேன். விடியற்காலை 4 மணிக்கு மணி அடிக்கும், பேச்சு கிடையாது, முதல் மூன்று நாட்கள் மூக்கின் நுழைவாயிலில் மூச்சு தொடுவதை மட்டும் கவனிக்க வேண்டும். நான்காம் நாள் முதல் உடல் முழுவதும் கவனத்தை நகர்த்தும் பயிற்சி. அதன் பிறகு நாளுக்கு மூன்று முறை, ஒரு மணி நேரம் கையையும் காலையும் கண்ணையும் அசைக்காமல் அமர்வது என்ற உறுதி எடுத்துக்கொள்கிறோம். அதற்கு அதிட்டானம் என்று பெயர்.

என் முதல் முகாமில், அத்தகைய ஓர் அமர்வின் நாற்பதாம் நிமிடம் அளவில் இடது முழங்காலின் உட்புறத்தில் ஒரு கல்லை வைத்து அழுத்துவது போன்ற வலி எழுந்தது. எலும்பு உடைந்துவிடும் என்றே நம்பினேன். பயிற்றுநர் சொல்லியிருந்தபடி, அந்தக் கல்லுக்குள் கவனத்தை அனுப்பி அங்கே உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஒரு கட்டியாகத் தெரிந்தது, பார்க்கப் பார்க்க, ஓரத்தில் சூடாகவும் நடுவில் துடிப்பாகவும் கீழே ஒரு இழுப்பாகவும் பிரிந்தது. துடிப்பு தொடர்ச்சியானது அன்று. வந்து, நின்று, மீண்டும் வந்தது. அப்போது இன்னொன்றும் தெரிந்தது. என் தாடை இறுகியிருந்தது. தோள்கள் காதுகளை நோக்கி ஏறியிருந்தன. "இன்னும் இருபது நிமிடம், என்னால் முடியாது" என்று மனம் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. முழங்காலில் இருந்த வலி ஒரு பங்கு என்றால், அதைச் சுற்றி நான் கட்டியிருந்த கோட்டை மூன்று பங்கு இருந்தது. தாடையைத் தளர்த்தினேன். வலி போகவில்லை, அதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஆனால் அந்த மூன்று பங்கு குறைந்தது.

புத்தர் இதை இரண்டு அம்புகள் என்ற உவமையால் விளக்குகிறார். புத்தரின் உரைகளைத் தொகுத்த பாலி நூல்களில் ஒன்றான சம்யுத்த நிகாயத்தில், நுகர்வுகளைப் பற்றிய பகுதியில் அந்தச் சூத்திரம், அதாவது அந்த உரை, இருக்கிறது. பயிற்சி பெறாதவன் உடல்வலி வந்தபோது துயருற்றுப் புலம்பி மார்பில் அடித்துக்கொள்கிறான். ஓர் அம்பு தைத்தவனை இரண்டாம் அம்பாலும் எய்ததைப்போல, உடலிலும் மனத்திலும் இரு நுகர்வுகளை அவன் அனுபவிக்கிறான். பயிற்சி பெற்றவனுக்கு ஓர் அம்புதான். கவனியுங்கள்: ஓர் அம்பு அவனுக்கும் உண்டு.

போதிநிழல்:

வைகறை அவர்கள் சொன்ன சூத்திரத்தில் பலரும் கடந்துபோய்விடும் ஒரு வரி உள்ளது. வலியால் தாக்கப்பட்டவன் புலன் இன்பங்களை நாடி ஓடுகிறான். ஏனெனில் வலியிலிருந்து வெளியேற இன்பத்தைத் தவிர வேறொரு வழி இருப்பதாக அவனுக்குத் தெரியாது. இதை நான் முதன்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் அமர்ந்திருந்தேன். இரவில் உறக்கம் வராமல் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே இருப்பவரும், மனம் புண்பட்ட நாளில் பசியில்லாமலே தட்டு நிறைய உண்பவரும் அந்த வரிக்குள் இருக்கிறார்கள். அங்கே கண்டிப்பு இல்லை. வேறு வழி தெரியாது என்ற இரக்கமே இருக்கிறது.

புத்தருக்கே வலி இருந்தது என்பதையும் தாயாரிடம் சொல்லுங்கள். ராஜகிருகத்தில், மத்தகுச்சி மான்சோலையில், கல் சில்லு ஒன்று அவர் காலில் பாய்ந்து கடும் வலி ஏற்பட்டது. மேலாடையை நான்காக மடித்து விரித்து, வலப்புறமாகச் சாய்ந்து படுத்து, நினைவோடும் தெளிவோடும் அதைத் தாங்கினார் என்று சூத்திரம் சொல்கிறது. முதுகுவலி வந்தபோது, "முதுகு நோகிறது, சற்று நீட்டிப் படுக்கிறேன்" என்று சொல்லி, அறவுரை கூறும் பொறுப்பை தம் சீடர்களான சாரிபுத்தரிடம் ஒருமுறையும் ஆனந்தரிடம் மற்றொரு முறையும் ஒப்படைத்திருக்கிறார். 80 வயதில், பழைய வண்டி வாரால் கட்டித்தான் ஓடுவதைப்போல் தன் உடலும் ஓடுகிறது என்று ஆனந்தரிடம் கூறினார். வலியே இல்லாத ஒருவரின் போதனை இது என்று எண்ணிக்கொண்டு அணுகினால், நமக்கு அது என்றும் அந்நியமாகவே இருக்கும்.

சமநிலம்:

இந்த உரையாடலை மதிப்போடு வாசித்து வருகிறேன். ஆயினும் ஓர் எதிர்க்கேள்வியை எழுப்பாமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் அம்பை நாமே எய்துகொள்கிறோம் என்று சொல்லும்போது, முதல் அம்பை எய்தவர் யார் என்ற கேள்வி எங்கே போகிறது? என் பாட்டி செருப்பு அணிந்து ஒரு தெருவின் வழியே நடக்க முடியாமல் வளர்ந்தவர். அவருடைய துன்பம் அவருடைய வேட்கையிலிருந்து பிறந்தது அன்று. அம்பேத்கர் தம் "புத்தரும் அவர் தம்மமும்" நூலின் முன்னுரையில், நான்கு வாய்மைகள் புத்தரின் மூலப் போதனையைச் சேர்ந்தவைதாமா, அல்லது பிற்காலத் துறவிகளின் சேர்க்கையா என்று வெளிப்படையாகவே கேட்டார். வாழ்வு துக்கம், சாவு துக்கம், மறுபிறப்பும் துக்கம் என்றால் மனிதனுக்கு நம்பிக்கை எங்கே இருக்கிறது என்பது அவருடைய கவலை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவரோடு பௌத்தம் ஏற்ற இலட்சக்கணக்கானவர்கள் முழங்கால் வலியைக் கவனிப்பதற்காக அங்கே வரவில்லை. மனத்தைப் பழக்கு என்ற அறிவுரை, அநீதியைப் பொறுத்துக்கொள் என்ற அறிவுரையாக மாறிவிடாதிருக்க என்ன காப்பு இருக்கிறது?

போதிநிழல்:

தோழர், இந்தக் கேள்வி எழாமல் இந்த விவாதம் முழுமை பெற்றிருக்காது.

மோலியசிவகன் என்ற பரிவிராசகன், அதாவது ஊர் ஊராகத் திரியும் துறவி, புத்தரிடம் வந்து, மனிதன் அனுபவிக்கும் இன்பதுன்பம் யாவும் முன்வினையால் வருவதே என்று சிலர் சொல்வதைப் பற்றிக் கேட்டான். அப்படிச் சொல்வோர் தாமே அறியக்கூடியதையும் உலகம் உண்மையென ஏற்பதையும் மீறிப் பேசுகிறார்கள் என்று புத்தர் மறுத்தார். பித்தம், கபம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவமாற்றம், முறையற்ற பேணுகை, பிறரின் தாக்குதல் ஆகியவற்றை எண்ணிவிட்டு, எட்டாவதாகத்தான் வினையின் விளைவைச் சொன்னார். தாக்குதல் என்பது தனிக் காரணமாகவே பட்டியலில் நிற்கிறது. உங்கள் பாட்டியின் துன்பத்துக்கு அவருடைய முன்வினையைக் காட்டும் எவரும் புத்தரின் சொல்லைத் துணைக்கு அழைக்க முடியாது.

இன்னொன்று. புத்தரின் பாக்களைத் தொகுத்த தம்மபதத்தின் உரை கூறும் நிகழ்ச்சி இது: ஆளவி என்ற ஊரில் தொலைந்துபோன எருதைத் தேடி அலைந்துவிட்டு, வெறும் வயிற்றோடு அறவுரை கேட்க ஓடிவந்தான் ஓர் ஏழை உழவன். புத்தர் பேச்சைத் தொடங்காமல் காத்திருந்து, முதலில் அவனுக்கு உணவிடச் செய்தார். பசியே பெரும்பிணி என்ற தம்மபத அடி அந்த நிகழ்ச்சியோடு இணைத்துச் சொல்லப்படுகிறது. வெளியிலிருந்து வரும் அம்பைப் பிடுங்க வேண்டும், முடிந்தால் வில்லையும் முறிக்க வேண்டும். மனப்பயிற்சி அதற்கு மாற்று அன்று. அம்பேத்கர் எழுப்பிய ஐயத்தை நான் தீர்த்துவிட்டதாகக் கருதவில்லை. துக்கத்தைக் கூறும் முதல் வாய்மையை இறுதித் தீர்ப்பாக வாசித்தால் அவருடைய கண்டனம் முழுமையாகப் பொருந்தும். செய்ய வேண்டிய வேலையின் தொடக்கமாக வாசித்தால் பொருந்தாது என்பதே என் எண்ணம்.

சமநிலம்:

சிவகனுக்குச் சொன்ன விடையை நான் அறிந்திருக்கவில்லை; நன்றி, ஐயா. தமிழ்ப் பௌத்த அறிஞர் அயோத்திதாசப் பண்டிதர் இந்தப் பக்கங்களை எவ்வாறு வாசித்திருப்பார் என்று யோசிக்கிறேன். ஆனால் நடைமுறையில், தியான அரங்குகளில் தாக்குதல் என்ற அந்த ஏழாம் காரணத்தைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை என்ற என் குறை அப்படியே இருக்கிறது. பேச வேண்டும் என்று இங்கே பதிவு செய்கிறேன்.

செவிலிப்பணி:

நான் மருத்துவமனையில் செவிலியாகப் பணியாற்றுகிறேன். கார்த்திகைப்பூ சகோதரி தம் சோர்வைப் பற்றி ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டார். அதைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

துறவியரின் ஒழுக்க விதிகளைக் கூறும் விநயப் பிடகத்தில் வயிற்றுக்கடுப்பால் துன்புற்ற துறவி ஒருவரின் கதை வருகிறது. அவர் தம் மலமூத்திரத்திலேயே கிடந்தார். பிறருக்கு அவர் எந்த உதவியும் செய்ததில்லை என்பதால் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, தாம் நீரை ஊற்ற, ஆனந்தர் கழுவினார். பின் தலைப்புறம் புத்தரும் கால்புறம் ஆனந்தரும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். "எனக்குப் பணிவிடை செய்ய விரும்புபவர் நோயாளிக்குப் பணிவிடை செய்யட்டும்" என்று சொன்னது அப்போதுதான். அதே இடத்தில் நல்ல செவிலிக்குரிய ஐந்து தகுதிகளும் சொல்லப்படுகின்றன: மருந்தைத் தயாரிக்கத் தெரிதல், எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிதல், ஆதாயத்துக்காக அன்றி அன்பினால் செய்தல், மலம், சிறுநீர், வாந்தி ஆகியவற்றை அகற்ற அருவருக்காமை, நோயாளியின் மனம் தெளியும்படி உரிய வேளையில் பேசத் தெரிதல். இதில் நான்கைச் செய்துகொண்டு ஐந்தாவது வரவில்லையே என்று வருந்துகிறீர்கள். உரிய வேளை என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். விரல்கள் விறைத்திருக்கும் விடியற்காலை, சூத்திரம் படித்துக் காட்டும் வேளை அன்று.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பத்து நாள் முகாம் எல்லாருக்கும் உரியதன்று. கடும் மனச்சோர்வோ மனநோயோ உள்ளவர்கள், சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் கேட்காமல் அத்தகைய தீவிரப் பயிற்சியில் இறங்கக் கூடாது. இது இன்றைய மருத்துவர்களின் அச்சம் மட்டுமன்று. வேசாலியில், உடலின் அருவருப்பைத் தியானித்த துறவிகள் பலர் தம் உயிரையே வெறுத்து மாய்ந்தனர் என்றும், தனிமையிலிருந்து திரும்பிய புத்தர் துறவியர் சங்கம் எண்ணிக்கையில் குறைந்திருப்பதைக் கண்டு காரணம் கேட்டு, அதற்குப் பின் மூச்சைக் கவனிக்கும் பயிற்சியைக் கற்பித்தார் என்றும் சம்யுத்த நிகாயம் கூறுகிறது. கோடையின் கடைசி மாதத்தில் எழுந்த புழுதியைப் பருவம் தப்பிய பெருமழை அடக்குவதைப்போல் அந்தப் பயிற்சி மனத்தை அமைதிப்படுத்தும் என்றார். பயிற்சியாலும் தீங்கு வரலாம் என்பதை நூலே மறைக்கவில்லை.

தச்சர்தெரு:

எனக்கு உடல்வலி இல்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தால், தம்பியோடு ஏற்பட்ட சொத்துத் தகராறு மனத்தில் ஓடத் தொடங்கி, விடியும்வரை ஒரே வசனத்தை நூறு முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூச்சைக் கவனித்தால் நான்காம் மூச்சில் மீண்டும் தம்பி வந்துவிடுகிறான். இதற்கு நூல்களில் வழி உண்டா?

வைகறை:

உண்டு, அண்ணா. உங்கள் பெயரைப் பார்த்ததும் மகிழ்ச்சி, ஏனெனில் அந்த வழி தச்சுத் தொழிலிலிருந்தே தொடங்குகிறது. புத்தரின் உரைத் தொகுப்புகளில் இன்னொன்றான மஜ்ஜிம நிகாயத்தின் 20ஆம் சூத்திரம் ஓயாத எண்ணங்களைக் கையாள ஐந்து முறைகளைச் சொல்கிறது. முதலாவது, தேர்ந்த தச்சன் பெரிய மரஆணியை ஒரு சிறிய ஆணியை வைத்துத் தட்டி வெளியேற்றுவதைப்போல, தீய எண்ணம் இருக்கும் இடத்தில் நல்ல எண்ணம் ஒன்றை வைத்தல். அதாவது, கோபம் இருந்த துளைக்குள் அன்பின் நினைவைச் செலுத்துதல். இரண்டாவது, இந்த எண்ணத்தால் எனக்கு விளையும் கேடு என்ன என்று பார்த்தல். மூன்றாவது, காண விரும்பாத ஒன்றிலிருந்து கண்ணைத் திருப்பிக்கொள்வதைப்போல் அதைக் கவனியாது விடுதல்.

நான்காவது முறை எனக்கு மிகவும் பிடித்தது. வேகமாக நடக்கும் ஒருவன், "ஏன் வேகமாக நடக்கிறேன்?" என்று மெதுவாக நடக்கிறான்; பின் ஏன் நடக்க வேண்டும் என்று நிற்கிறான்; பின் அமர்கிறான்; பின் படுக்கிறான். எண்ணத்தை ஒரே அடியில் நிறுத்தாமல், அதைத் தூண்டும் ஓட்டத்தைப் படிப்படியாகத் தணிப்பது இது. இவை நான்கும் பலிக்காதபோது மட்டுமே, பல்லைக் கடித்து நாவை மேலண்ணத்தில் அழுத்தி மனத்தை மனத்தால் அடக்கு என்று ஐந்தாவது வருகிறது. நம்மில் பெரும்பாலோர் ஐந்தாவதிலிருந்து தொடங்கித் தோற்றுவிட்டு, எனக்குத் தியானம் வராது என்று முடிவு கட்டுகிறோம்.

தச்சர்தெரு:

எங்கள் பாட்டனார் பழைய நிலைவாசலைப் பிரிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். இறுகிப்போன ஆணியை இழுத்துப் பிடுங்க முயன்றால் மரம் பிளந்துவிடும். அதைவிடச் சற்றே மெலிந்த, அதைவிட வைரமான ஒரு குச்சியைத் தலையில் வைத்து, கொட்டாப்புளியால் மெல்லத் தட்டுவார். ஒரே அடியில் வராது; வலுத்தும் அடிக்கக் கூடாது. புதிய குச்சி எந்த மரத்தால் ஆனது என்பதில்தான் வேலையே இருக்கிறது. நீங்கள் சொன்ன உவமையைச் சொன்னவர் தச்சர்களை உற்றுக் கவனித்திருக்கிறார். தம்பியைப் பற்றி எந்த நினைவை வைப்பது என்று இன்று இரவு தேடிப் பார்க்கிறேன். சிறுவயதில் கிணற்றில் நீந்தக் கற்றுக்கொடுத்தபோது என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தவன் அவன்.

வைகறை:

அது போதும், அண்ணா.

கார்த்திகைப்பூ அக்காவுக்கு ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அம்மாவைத் தரையில் சம்மணமிட்டு அமர்த்த வேண்டிய தேவையே இல்லை. நினைவோடு கவனிக்கும் பயிற்சியைக் கூறும் சதிபட்டான சூத்திரம் நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் என்ற நான்கு நிலைகளையும் சமமாகவே சொல்கிறது. 1979இல் ஜான் கபாட்-சின் என்பவர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் நீங்கா வலி உள்ள நோயாளிகளுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கியபோது, படுத்தபடியே உடலின் ஒவ்வொரு பகுதியாகக் கவனத்தை நகர்த்தச் செய்தார். வலியைப் போக்குவேன் என்ற வாக்குறுதியோடு தொடங்காதீர்கள். கோயங்கா அவர்களே கடும் ஒற்றைத் தலைவலிக்குத் தீர்வு தேடித்தான் 1955இல் ரங்கூனில் ஊ பா கின்னிடம் சென்றார். தலைவலியைத் தீர்ப்பதற்காக மட்டும் என்றால் இங்கே வர வேண்டாம் என்று ஆசிரியர் மறுத்துவிட்டதை அவர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

போதிநிழல்:

வீணையில் தேர்ந்த சோணர் என்ற துறவி, கால்களில் குருதி கசியும் அளவுக்கு நடந்து தியானம் செய்து, பயனின்றி மனம் தளர்ந்தார். நரம்பு மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை எழுமா என்று அவரிடம் புத்தர் கேட்டார். நாளுக்குப் பத்து நிமிடம் போதும், அம்மா. பக்கர் நாட்டில் நகுலபிதா என்ற முதிய இல்லறத்தார் தம் தீராத நோயைச் சொல்லி அறவுரை கேட்டபோது, "என் உடல் நோயுற்றாலும் என் மனம் நோயுறாதிருக்கும் என்று பழகுக" என்ற ஒரே பயிற்சியைப் புத்தர் தந்தார். அந்த முதியவர் துறவி அல்லர். வீட்டில் மனைவியோடு வாழ்ந்தவர்.

கார்த்திகைப்பூ:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்குப் பொறுத்தருள வேண்டும்.

அம்மாவிடம் எதையும் படித்துக் காட்டவில்லை. செவிலிப்பணி சகோதரி சொன்னபடி உரிய வேளைக்காகக் காத்திருந்தேன். அதற்கிடையில் என்னையே கவனிக்கலாம் என்று தோன்றியது. காலையில் அம்மாவின் கைகளைத் தண்ணீரில் வைக்கும் அந்த அரைமணி நேரத்தில் நான் என்ன செய்கிறேன் என்று பார்த்தேன். கடிகாரத்தைப் பார்க்கிறேன். பள்ளிக்கு நேரமாகிறது என்ற நினைப்பு வந்ததும் என் வயிறு கெட்டியாகிறது. அடுத்த நொடியில் அம்மாவின் மீது எரிச்சல் வருகிறது. அதற்கடுத்த நொடியில் எரிச்சல் வந்ததற்காக என்னையே வெறுக்கிறேன். ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று என்று ஐயா சொன்ன வரிசை ஒரு பாத்திரம் வெந்நீருக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. நான் எண்ணிப் பார்த்தேன். இரண்டாம் அம்போடு அது நிற்பதில்லை, மூன்றாவதும் உண்டு.

வயிறு கெட்டியாகும் அந்த இடத்தில் நின்றுகொள்ள முயல்கிறேன். பாதி நாட்கள் தவறிவிடுகிறது. தவறாத ஒரு நாளில், என் கையையும் அந்த நீருக்குள் விட்டு அம்மாவின் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா, நான் கேட்காமலே, "கட்டை விரலில் எரிச்சலாக இருக்கிறது, சுண்டு விரலில் எரிச்சல் இல்லை, மரத்த மாதிரி இருக்கிறது" என்றார். 14 ஆண்டுகளாக "கை வலிக்கிறது" என்றுதான் சொல்லியிருக்கிறார். நான் மோதிர விரலைப் பற்றிக் கேட்டேன். கண்ணை மூடிச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "அது விட்டுவிட்டு வருகிறது" என்றார்.

இதற்கு மேல் நான் என்ன கேட்க வேண்டும், அல்லது கேட்காமல் விட வேண்டுமா என்று தெரியவில்லை. வழிகாட்டுங்கள்.

போதிநிழல்:

ஒன்றும் கேட்க வேண்டாம், அம்மா. நாளைக்கும் கையை அந்த நீருக்குள் விடுங்கள்.